அம்மாவுக்கு விடிகாலை மயக்கம், கணையத்தில் 14 மி.மீ. கட்டி: உடனே ஆபரேஷன் செய்யலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். தாராவியில் இருக்கிறீர்கள். அம்மாவுக்கு 52 வயது, வீட்டிலேயே இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்புகிறார். ஒன்றரை வருடமாக விடிகாலை நாலு, நாலரை மணிக்கு மாவைக் குழியில் ஊற்றாமல் மேடையில் ஊற்றுகிறார், கேட்டால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நைட்டி நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. இரண்டு முறை விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. ஃபிட்ஸ் என்று மாத்திரை கொடுத்தும் குறையவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்தால் சுகர் 41. சி.டி. ஸ்கேனில் கணையத்தின் நடுப்பகுதியில் 14 மி.மீ. கட்டி, ‘நியூரோஎண்டோகிரைன் டியூமராக இருக்கலாம்’, அதாவது ஹார்மோன் சுரக்கிற செல்களிலிருந்து முளைத்த கட்டியாக இருக்கலாம் என்று ரிப்போர்ட். அடுத்த வாரமே ஆபரேஷன் என்று ஒரு சர்ஜன் தேதி கொடுத்திருக்கிறார். இது கேன்சரா, கணையத்தை முழுசாக எடுத்துவிடுவார்களா, எடுத்தால் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வருமா என்று கேட்கிறீர்கள்.

நான் வயிறு, கணையம் சம்பந்தமான அறுவை சிகிச்சை செய்கிறவன். மும்பைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. கட்டியை எடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். முழுக் கணையத்தையும் எடுக்கிற நிலை அநேகமாக வராது. ஆனால் அடுத்த வாரம் வேண்டாம். உங்கள் கையில் இருப்பது ஒரு படம். அந்தப் படத்தில் தெரிகிற கட்டிதான் அம்மாவை விழவைக்கிறது என்பதற்கு ரத்தத்தில் இன்னும் சாட்சி இல்லை. முதலில் ரத்தத்தில் நிரூபிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் இடத்தைத் தேட வேண்டும். இந்த வரிசையைத் தாண்டிக் கத்தியை எடுத்து, கணையத்தில் பாதியை இழந்தும் மயக்கம் நிற்காமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டை விட முக்கியமாகப் பட்டது வேறொரு வரி. ‘சீனி அள்ளிப் போட்டு டீ குடுத்தா பத்து நிமிஷத்துல தெளிஞ்சுடுறாங்க.’ இதைத்தான் ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க சர்ஜன் 1930-களில் மூன்று அடையாளங்களாகச் சொன்னார். சாப்பிடாமல் இருக்கும்போது மயக்கமோ குழப்பமோ வருகிறது. அந்த நேரத்தில் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருக்கிறது. சர்க்கரை கொடுத்தால் தெளிகிறது. மூன்றும் சேர்ந்தால் இன்சுலினோமா என்ற கட்டியோ என்ற சந்தேகம் வலுத்துவிடும். ‘விப்பிள்’ என்ற பெயரை ஆஸ்பத்திரியில் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். கணையத்தின் தலையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் எடுக்கிற பெரிய ஆபரேஷனுக்கும் அவர் பெயர்தான். அம்மாவுக்குப் பொருந்துவது அந்த மூன்று அடையாளம். அந்தப் பெரிய ஆபரேஷனைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

இன்சுலினோமா என்றால் இன்சுலினைத் தானாகச் சுரக்கிற சின்னக் கட்டி. கணையத்தின் பீட்டா செல்கள் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து இன்சுலினை விடும். சர்க்கரை இறங்கினால் நிறுத்திக்கொள்ளும். கட்டிக்கு அந்த நிறுத்தம் கிடையாது. அம்மா ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மூணு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறார். நாலரை மணிக்கெல்லாம் கடைசியாகச் சாப்பிட்டு ஏழெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். உங்களுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் இன்சுலின் அடங்கிக் கிடக்கும், அவருக்குச் சுரந்துகொண்டே இருக்கிறது. மூளை சர்க்கரையை நம்பி ஓடுகிற உறுப்பு, அதனால் முதலில் தடுமாறுவது அதுதான். உடம்பு கொஞ்சம் எடை போட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பொருந்துகிறது. சாப்பிட்டால் நல்லா இருக்கிறது என்று உடம்பே கண்டுபிடித்துக்கொண்டு நடுராத்திரியிலும் எதையாவது வாயில் போட வைக்கும்.

வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் நாலு பேருக்குத்தான் இது வருகிறது. அதனால் முதலில் பார்த்த டாக்டருக்கு ஃபிட்ஸ் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. இந்த ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சயான் கோலிவாடாவிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு இரண்டு வருடமாக மனநல மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. மகன் ஒவ்வொரு டாக்டரிடமும் இந்தியில் ‘சக்கர் ஆத்தா ஹை’ என்றே சொல்லியிருக்கிறார். தலைசுற்றல், மயக்கம், கண் இருட்டுவது எல்லாமே அந்த ஒரு ‘சக்கர்’ ஆகிவிட்டது. நான் தமிழில் கேட்டபோது அவர் சொன்னது: ‘வெள்ளிக்கிழமை விரதம் இருந்தா சாயங்காலம் நாக்கு குளறுது சார், விளக்கு ரெண்டு ரெண்டா தெரியுது, வாசப்படி எதுன்னு மறந்துபோகுது, அக்கம்பக்கத்துல சாமி வந்துடுச்சுங்கறாங்க.’ விரத நாளில் மட்டும் வருகிறது என்ற அந்த ஒரு தகவலில் நோயே இருந்தது. அதனால் அம்மாவை அழைத்துப் போகும்போது அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன கொடுத்ததும் தெளிந்தது, இந்த மூன்றும் இருக்கட்டும். அடுத்த முறை வந்தால் முதலில் சீனித் தண்ணீர் கொடுங்கள், இன்னொருவர் அரை நிமிடம் போனில் வீடியோ எடுக்கட்டும்.

இனி நிரூபிக்கிற வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை, கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் விட்டுவிடுகிற விஷயம் இல்லை. அந்த வகை மாத்திரை கணையத்தைக் கசக்கி இன்சுலினை வெளியே தள்ளும். தவறி அம்மா விழுங்கினால் இன்சுலினோமாவுக்கு வருகிற அதே ரிப்போர்ட் அப்படியே வரும். வீட்டில் மாத்திரை அட்டைகள் ஒரே டப்பாவில் கிடக்கிறதா பாருங்கள். மூட்டுவலிக்கு என்று பொடி, லேகியம் ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். இப்படிப்பட்ட மருந்துகளில் சர்க்கரை மாத்திரையைக் கலந்து விற்பது நடந்திருக்கிறது. சிறுநீரகம், ஈரல், அட்ரினல் சுரப்பி கெட்டாலும் சர்க்கரை இறங்கும். அவை சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

அதற்கப்புறம் பட்டினிப் பரிசோதனை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசிக் குழாய் போட்டுவிட்டு, தண்ணீர் மாதிரி சர்க்கரைச் சத்து இல்லாததை மட்டும் குடிக்கக் கொடுத்து, அதிகபட்சம் 72 மணி நேரம் பார்ப்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம். சர்க்கரை 60-க்குக் கீழே போனதும் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை. மூன்று நாள் என்றதும் பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு 48 மணிக்குள், பலருக்கு முதல் நாளிலேயே முடிந்துவிடும். வீட்டில் மட்டும் இதை முயற்சி செய்யாதீர்கள். சர்க்கரை 55-க்குக் கீழே இறங்கி அறிகுறியும் இருக்கிற அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில், இன்சுலின் மில்லி லிட்டருக்கு 3 மைக்ரோயூனிட்டும் சி-பெப்டைட் 0.6 நானோகிராமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால், சுரக்கக் கூடாத நேரத்தில் சுரக்கிறது என்று அர்த்தம். கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது கூடவே சம அளவில் வெட்டுப்பட்டு வெளியே வருவதுதான் சி-பெப்டைட். வெளியிலிருந்து ஊசியாகப் போட்ட இன்சுலினில் அது இருக்காது. அதனால் இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் உடம்பே சுரந்தது என்று தெரியும். அதே ரத்தத்தில் சர்க்கரை மாத்திரை இருக்கிறதா என்றும், இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு மெஷின் காட்டிய 41 நல்ல துப்பு, ஆனால் சாட்சி ஆகாது. இவ்வளவு கீழே போகும்போது அந்த மெஷின்கள் தடுமாறும். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை ஃபுளோரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாயில் உடனே லேபுக்கு அனுப்ப வேண்டும். வேறு குழாயில் போட்டு மேசையில் வைத்துவிட்டால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று தீர்த்து, இல்லாத குறைவைக் காட்டிவிடும்.

நிரூபணம் ஆகிவிட்டது என்றால் படம். உங்களிடம் ஒரு படம் இருக்கிறதே என்பீர்கள். கணையத்தில் தெரிகிற எல்லா உருண்டையும் இன்சுலினோமா இல்லை. எதுவும் சுரக்காத கட்டிகள் உண்டு. கணையத்தின் வால் பகுதியில் சிலருக்குப் பிறவியிலேயே குட்டி மண்ணீரல் ஒன்று புதைந்திருக்கும், அது சி.டி.யிலும், கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கிற சில பெட் ஸ்கேன்களிலும் அச்சு அசலாக இந்தக் கட்டி போலவே மின்னும். அம்மாவுக்கு நடுப்பகுதி என்பதால் அந்தச் சந்தேகம் குறைவு. இருந்தாலும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டு ஒன்று செய்யச் சொல்வேன். வாய் வழியாகக் குழாய் இறங்கி, இரைப்பைக்குள் நின்று, பின்னால் ஒட்டியிருக்கிற கணையத்தைப் பார்க்கிற பரிசோதனை இது. சின்னக் கட்டியைப் பிடிப்பதோடு, கட்டிக்கும் கணையக் குழாய்க்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்றும் சொல்லும். சர்ஜனுக்கு வேண்டிய எண் அதுதான்.

சி.டி.யை மறுபடி எடுக்கச் சொன்னால் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள். மருந்து செலுத்தி, தமனியில் ரத்தம் பாய்கிற அந்தச் சில நொடிகளில் எடுத்த படத்தில்தான் இன்சுலினோமா பளிச்சென்று தெரியும். சாதாரண வயிற்று சி.டி.யில் அந்தக் கட்டம் விட்டுப்போகலாம். எதிலும் பிடிபடாதபோது எக்ஸெண்டின் பெட் ஸ்கேன் இருக்கிறது. அமெரிக்கப் பாலைவனத்து விஷப் பல்லியான ஹீலா மான்ஸ்டரின் எச்சிலில் கண்டுபிடித்த எக்ஸெண்டின்-4 என்ற புரதத் துணுக்கில் கதிரியக்கத்தைக் கட்டி அனுப்புகிறார்கள். அது இன்சுலினோமாவில் போய் ஒட்டிக்கொள்ளும். மருத்துவத்தில் எனக்கு இன்னும் வியப்பு தீராத விஷயங்களில் இதுவும் ஒன்று. பரவலாகக் கிடைக்கிற டோட்டாடேட் பெட் ஸ்கேன் மற்ற நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு நன்றாக இருக்கும், இன்சுலினோமாவைப் பல நேரம் தவறவிடும். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கட்டியே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இது கேன்சரா என்ற கேள்வி. 2018-ல் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு நியூரோஎண்டோகிரைன் டியூமர் என்று அறிவித்து, 2020 ஏப்ரலில் இதே மும்பையில் இறந்தார். அதிலிருந்து இந்தப் பெயரைக் கேட்டாலே குடும்பங்கள் உடைந்துபோகின்றன. அந்தப் பெயர் ஒரு குடும்பப் பெயர். அதற்குள் பல விதமான கட்டிகள் அடங்கும். இன்சுலினோமாவில் பத்தில் ஒன்பது வேறு இடத்துக்குப் பரவாது, பெரும்பாலும் ஒற்றைக் கட்டி, பெரும்பாலும் 2 செ.மீ.க்குக் கீழே. எடுத்த கட்டியில் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டுகிற கி-67 என்ற எண் பார்ப்பார்கள். 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதல் கிரேடு, மெதுவாக வளர்கிற வகை. அதற்கு முன்னால் ரத்தத்தில் கால்சியத்தையும், கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனான பாராதார்மோனையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல், பிட்யூட்டரி கட்டி இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்தால் எம்.இ.என்.-1 என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அதில் கட்டிகள் பல இருக்கும், திட்டமே மாறும்.

இனி ஆபரேஷன். கணையம் சுமார் 15 செ.மீ. நீளம், இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே படுத்திருக்கும். இரைப்பையை மேலே தூக்கியதும் வெளிர் மஞ்சளாகத் தெரியும், தொட்டால் வெண்ணெய் மாதிரி அமுங்கும். அந்த மென்மையில் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் ஒரு இடத்தில் மொச்சைக் கொட்டை மாதிரி உருளும். மேலாக இருந்தால் செம்பழுப்பு நிறத்தில் கண்ணுக்கே தெரியும். விரலோடு நிறுத்தாமல் அல்ட்ராசவுண்டு கருவியைக் கணையத்தின் மேலேயே வைத்துப் பார்ப்போம். வேறு கட்டி இல்லை என்று உறுதியாக வேண்டும், குழாய் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். குழாயிலிருந்து 2, 3 மி.மீ. ஆவது விலகி இருந்தால் கட்டியை மட்டும், நுங்கை ஓட்டிலிருந்து நோண்டுவது போல, ஓரம் பார்த்துப் பிரித்து எடுத்துவிடலாம். எடுத்து வைத்த கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் சர்க்கரை ஏறுகிறது என்று சொல்வார். அந்த வார்த்தைக்காகத்தான் எல்லோரும் காத்துக்கொண்டு நிற்போம். முதன்முதலில் இப்படி ஒரு நோயாளியை முழுமையாகக் குணமாக்கியது 1929-ல், கனடாவின் டொராண்டோவில், ராஸ்கோ கிரஹாம் என்ற சர்ஜன். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே ஊரில்தான், எட்டு வருடத்துக்கு முன்னால்.

குழாயை ஒட்டி இருந்தால் நோண்டக் கூடாது. நடுப்பகுதியை மட்டும் எடுக்கலாம், அல்லது அங்கிருந்து வால் வரை எடுக்கலாம். வால் எடுக்கும்போது மண்ணீரலைக் காப்பாற்ற முடியும், காப்பாற்றவும் வேண்டும். ஒருவேளை அதுவும் போகலாம் என்ற நிலை இருந்தால், நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் என்ற கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளை இரண்டு வாரம் முன்னாலேயே போட வேண்டும். கீஹோலில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்கிறேன் என்று சொன்னால், இந்த இடத்துக்கு அது நல்ல வழிதான், பழகிய கையாக இருக்க வேண்டும். கட்டி கிடைக்கவில்லை என்றால் குத்துமதிப்பாக வாலை வெட்டி எடுப்பது ஒரு காலத்தில் நடந்தது. இப்போது அதைச் செய்யவே கூடாது. கணையத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி ஒவ்வொன்றிலும் கால்சியம் செலுத்தி, ஈரல் சிரையில் எப்போது இன்சுலின் எகிறுகிறது என்று பார்த்து, கணையத்தின் எந்தப் பகுதி என்று சொல்கிற பரிசோதனை இருக்கிறது. வயிற்றை மூடிவிட்டு அதற்கு அனுப்புவதில் எந்த அவமானமும் இல்லை.

குடும்பங்கள் எதிர்பாராத ஒன்று இருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டி சாதுவானது, கணையம் சாது இல்லை. கேன்சர் வந்த கணையம் பெரும்பாலும் இறுகிக் கெட்டியாக இருக்கும், தையல் நிற்கும். அம்மாவுடையது ஆரோக்கியமான கணையம். மெத்தென்று இருக்கும், தையல் அறுத்துக்கொண்டு போகும், செரிமான நீரும் நன்றாகச் சுரக்கும். அதனால் சின்ன ஆபரேஷன் என்று சொல்லப்படுகிற இதில் கணைய நீர்க் கசிவு நிறையப் பேருக்கு வரும். வயிற்றில் ஒரு டிரெயின் குழாய் வைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் அந்தக் குழாயில் வருகிற நீரில் அமைலேஸ் என்ற கணையச் செரிமான நொதியின் அளவைப் பார்ப்பார்கள். ரத்தத்தின் இயல்பான உச்ச அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது தானாகவே வற்றிவிடும், குழாயோடு இரண்டு மூன்று வாரம் வீட்டில் இருந்து வருகிறவர்கள் உண்டு. காய்ச்சல் வந்தாலோ, குழாயில் ரத்தம் தெரிந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கணைய நீர் பக்கத்து ரத்தக் குழாயை அரித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரை நோய் பற்றி. முதல் சில நாட்கள் சர்க்கரை 200-ஐத் தாண்டினாலும் பதற வேண்டாம். கட்டி இத்தனை நாளும் மற்ற பீட்டா செல்களைத் தூங்க வைத்திருந்தது, அவை எழுந்திருக்கக் கொஞ்சம் நாளாகும், அதுவரை இன்சுலின் ஊசிகூடப் போடுவார்கள். கட்டியை மட்டும் எடுத்தால் நிரந்தரமாகச் சர்க்கரை வருவது அபூர்வம். வால் பகுதி பெரிதாகப் போனால் அந்த வாய்ப்பு கூடும், அதிலும் அம்மா வயதில். நோண்டி எடுக்க முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இதைப் படிக்கிற வேறு சிலர் கையில் வேறு ரிப்போர்ட் இருக்கலாம். வயதான பெண்களுக்குத் தேன்கூடு மாதிரி தெரிகிற சீரஸ் சிஸ்டடினோமா என்ற நீர்க்கட்டி என்றால், தொந்தரவு இல்லாதவரை பெரும்பாலும் கத்தியே வேண்டாம். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்கு வருகிற மியூசினஸ் நீர்க்கட்டி பின்னால் புற்றாக மாறக்கூடியது, எடுத்துவிடச் சொல்வோம். இருபதுகளில் இருக்கிற பெண்ணுக்கு 8, 10 செ.மீ. கட்டி என்று வந்தால் அது சாலிட் சூடோபாப்பில்லரி வகையாக இருக்கலாம். விப்பிளோடு சேர்ந்து இன்சுலினோமா பற்றி எழுதிய வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் 1959-ல் விவரித்தது அது. அளவைப் பார்த்து மனம் விட்டுவிட வேண்டாம், முழுமையாக எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள்.

எங்கே போவது? கணைய ஆபரேஷன் நிறையச் செய்கிற இடத்தில் ஆபத்து குறைவு. இது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பத் தெரிந்துகொண்ட விஷயம். தாராவியிலிருந்து உங்களுக்குப் பரேல் தூரமில்லை. கே.இ.எம். மருத்துவமனையில் எண்டோகிரைனாலஜி பிரிவு இருக்கிறது, பட்டினிப் பரிசோதனைக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துறையைத்தான், சர்ஜன் அதற்கப்புறம். ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, மகாராஷ்டிர அரசின் சிகிச்சை உதவித் திட்டமான மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனா கவுண்டரில் இந்தச் சிகிச்சை அடங்குமா என்று சேர்வதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். தேதி கொடுத்த சர்ஜனிடமும் மரியாதையாகவே கேட்கலாம்: வருடத்துக்கு எத்தனை கணைய ஆபரேஷன் செய்கிறீர்கள் சார், தியேட்டரில் அல்ட்ராசவுண்டு இருக்கிறதா, ராத்திரி ரத்தக்கசிவு வந்தால் குழாய் வழியாக அடைக்கிற ரேடியாலஜிஸ்ட் வருவாரா? நல்ல சர்ஜன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

அதுவரைக்கும் அம்மாவைப் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் வேலை. ஃபிட்ஸ் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் அதுவே இழுப்பைக் கொண்டுவரும். விரதம் எதுவும் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடட்டும். படுக்கப் போகும்போது வேகவைக்காத சோளமாவை, அதாவது பேக்கரிக்காரர்கள் வாங்குகிற கார்ன்ஃபிளவரை, மோரில் கலக்கிக் கொடுக்கலாம். அது மெதுவாகச் சர்க்கரையாக மாறி ராத்திரி கொஞ்ச நேரம் தாங்கும். அளவு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டயசாக்சைடு என்ற மாத்திரை இன்சுலினை அடக்கும், கால் வீங்கும், எல்லாக் கடையிலும் கிடைக்காது, தேவையா என்று எண்டோகிரைன் டாக்டர் முடிவு செய்வார். நினைவு தப்பிக் கிடக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் இன்றைக்கு ராத்திரியே ஒன்று செய்யுங்கள். மூணு மணிக்கு அம்மா எழுந்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட பாலும் இரண்டு வாழைப்பழமும் அவர் கைக்கு வரட்டும். நீங்களோ தங்கையோ கூடவே எழுந்திருங்கள். கொதிக்கிற கொப்பரைப் பக்கத்தில் அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள்.